டாக்டர் கைராசிக்காரர்தான், ஃப்ரிட்ஜ் எப்படி?

அம்மாபேட்டைப் பக்கம் ஒரு குடும்ப டாக்டரைப் பற்றி விசாரித்தால் முதலில் வரும் பதில், "கைராசிக்காரருங்க" என்பதுதான். தாத்தாவுக்குப் பார்த்தவர் பேரனுக்கும் பார்ப்பார். அந்த நம்பிக்கையில் தப்பில்லை. ஆனால் சேலத்தில் சின்னச் சின்ன கிளினிக்குகளின் நிர்வாக வேலையைக் கவனித்ததில் ஒன்று புரிந்தது. தவறுகள் பெரும்பாலும் டாக்டரின் அறைக்கு வெளியேதான் நடக்கின்றன. அங்கே எல்லாமே யாரோ ஒருவரின் ஞாபகத்தை நம்பி ஓடுகிறது.

முதலில் ஃப்ரிட்ஜ். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. சேலத்து வெயிலுக்குப் பயந்து குளிரைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள். ஆனால் டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் ஊசிகள் ஒருமுறை உறைந்தாலே வீண். உருகிய பிறகு மேலோட்டமாகப் பார்த்தால் சந்தேகமே வராது. அதனால் ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள். கதவிலும் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். ஒரு கிளினிக்கில் தடுப்பூசிக்குப் பக்கத்தில் தயிர் டப்பாவும் மல்லிகைப்பூப் பொட்டலமும் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதவு எத்தனை முறை திறக்கும் என்று நீங்களே யோசியுங்கள்!

தெர்மாமீட்டர் ஒன்று, நோட்டு ஒன்று, காலையும் மாலையும் ஒரு எழுத்து. ஏற்காட்டில் காற்றுமழைக்கு மரம் சாய்ந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அடித்தட்டில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கியிருந்தால் குளிர் கொஞ்ச நேரம் நிற்கும். கரண்ட் வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது.

அடுத்தது மருந்து கொடுக்கும் ஜன்னல். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பிலோ 5 மில்லிக்கு 125தான். எட்டு கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஒரு வேளைக்கு 120 போதும். சிரப் என்றால் ஏறக்குறைய 5 மில்லி, சொட்டு மருந்து என்றால் 1.2 மில்லி. "அஞ்சு மில்லி குடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டுச் சொட்டு மருந்து பாட்டிலை நீட்டினால் நாலு மடங்கு உள்ளே போகும். எடையைப் பார்க்காமல் வயதைக் கேட்டு அளவு சொல்வதும் இதே ரகம்தான். எடை, மருந்தின் வலு, மில்லி, இந்த மூன்றும் சீட்டில் இருக்கட்டும்.

பெயர்க் குழப்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "செல்வி" என்று கூப்பிட்டால் பெஞ்சிலிருந்து மூன்று பேர் எழுந்திருப்பார்கள். பெயரோடு வயதும் தெருவும் கேட்க அரை நிமிடம்கூட ஆகாது.

ஊசி போட்டதும் அனுப்பிவிடுவது இன்னொரு பழக்கம். குறைந்தது 30 நிமிடம் உட்கார வையுங்கள். ஊசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் இறங்கினால் முதல் மருந்து அட்ரினலின்தான். பெரியவர்களுக்கு 1:1000 கரைசலில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். பலரும் அவில் என்கிற அலர்ஜி ஊசியும் டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு ஊசியும் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள், அதில் நேரம் போய்விடும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அந்த ஊசி மருந்து பூட்டிய அலமாரியில், சாவி டாக்டர் வீட்டில் என்றால் என்ன பயன்?

கழிவு விஷயம் சுருக்கமாக. போட்ட ஊசிக்கு மூடி மாட்டக் கூடாது, நேரே வெள்ளை டப்பாவுக்குள். 2016 விதிகளின்படி மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று கேளுங்கள். பல இடங்களில் பதில் வராது.

லேப் ரிப்போர்ட்டுகளும் அப்படித்தான், வந்து மேஜை டிராயரில் தூங்கும். இருமலோடு வந்த தறிக்காரரின் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தால் அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும், அரசுக்கும் தெரிவிக்க வேண்டும். 2012 முதல் தனியார் கிளினிக்குக்கும் அது கட்டாயம். அனுப்பிய பரிசோதனை, வந்த தேதி, சொன்ன தேதி என்று மூன்று கட்டம் போட்ட நோட்டு ஒன்று போதும்.

நோட்டு வைத்த பிறகும் ஒரு தவறு உண்டு. ஒரு கிளினிக்கில் ஃப்ரிட்ஜ் நோட்டைப் புரட்டினேன். மாதம் முழுக்கக் காலை 4 டிகிரி, மாலை 4 டிகிரி, ஒரே பேனா. அதில் நாலு ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கே திறக்கவில்லை.