பீரோவுக்குப் பின்னால் ஓர் அறை

எங்கள் வீடு அப்பா கட்டியது. எல்லாம் 9 அங்குலச் செங்கல் சுவர். ஃபைபர் இணைப்பு வந்து இறங்கும் ஹாலுக்கும் மகள் படிக்கும் பின்னறைக்கும் நடுவே மூன்று சுவர்கள். போதாக்குறைக்கு அம்மாவின் சீராக வந்த இரும்பு பீரோ. வைஃபை அங்கே சரியாக எட்டாமல், ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் வாய் திறந்தபடியே உறைந்து நிற்பார்.

காசு செலவழிக்கும் முன் அளந்து பாருங்கள். சிக்னலை எண்ணில் காட்டும் இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டில் உண்டு. எங்கள் ஹாலில் -45, பின்னறைக் கட்டிலில் -84. கழித்தல் குறிக்குப் பின்னுள்ள எண் கூடக்கூட சிக்னல் மெலிகிறது என்று பொருள். 67க்குள் இருந்தால் வீடியோ வகுப்பு ஓடிவிடும். டிவிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரவுட்டரை எடுத்து உயரமான அலமாரியில் வைத்ததுமே 84 என்பது 77 ஆனது. ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளைக் காட்டினால், தூரத்து அறையில் 2.4இல் இணையுங்கள். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் துவண்டுவிடும்.

அடுத்து, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி, அதைப் பின்னறையிலேயே செருகினேன். சுத்த முட்டாள்தனம். அதன் காதில் விழுந்தால்தானே அது திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும், ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது.

கடைசியில் கைகொடுத்தது ஹால் ரவுட்டரிலிருந்து பின்னறை வரை இழுத்த கேபிள்தான். கேட் 6 லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எங்களுக்கு 18 மீட்டரே போதுமாயிருந்தது. எலக்ட்ரீஷியன் கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே இதையும் இழுத்துவிடலாம் என்றார். சம்மதிக்காதீர்கள், அது ஆபத்து. தனிக் குழாயில் கொண்டுபோனோம்.

மறுமுனைக்கு, பரணில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்தேன். இங்கே வரிசை முக்கியம். முதலில் கணினியை அதோடு மட்டும் இணைத்து, பிரவுசரில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஹாலில் உள்ளதைப் போலவே வையுங்கள். 2.4 சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். ஹாலில் 1 என்றால் இங்கே 6 அல்லது 11. பிறகு அதன் முகவரியை மாற்றுங்கள். ஹால் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இது 192.168.1.2, இந்த எண்ணை வேறு எந்தக் கருவியும் வைத்திருக்கக் கூடாது. புது முகவரியில் மறுபடி உள்ளே நுழைந்து, கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி (DHCP) வசதியைக் கடைசியாக அணையுங்கள். நான் அதை முதலில் அணைத்துவிட்டு, உள்ளே போக வழியில்லாமல் ரீசெட் துளையில் ஊக்கைக் குத்திக்கொண்டிருந்தேன். கேபிளைச் செருக வேண்டியது வான் (WAN) என்று எழுதிய துளையில் அல்ல; இரு பக்கமும் லேன் (LAN) துளைதான்.

இப்போது கட்டிலில் -50. இரண்டு ரவுட்டர்களையும் இன்வெர்ட்டர் பிளக்கில் செருகிவிடுங்கள். நான் ஹாலில் உள்ளதை மட்டும் செருகியிருந்தேன், முதல் மின்வெட்டிலேயே பின்னறையிலிருந்து "அப்பா!" என்று குரல் வந்துவிட்டது.