நாட்டுப் பன்றிக் குட்டிகள்: புரதம் இருந்தும் எடை ஏறாதது ஏன்?

20 கிலோ தாண்டிய குட்டிகள் நன்றாகத் தின்றன, எடை மட்டும் நகரவில்லை. முடி சொரசொரப்பு, வயிறு பெருத்து தொடை ஒல்லி.

முதலில் குடற்புழு மருந்து கொடுத்தேன். பலனில்லை. அடுத்து கடலைப் புண்ணாக்கைக் கூட்டினேன். எடை ஏறவில்லை, கொட்டிலில் அம்மோனியா நெடிதான் கண்ணை எரித்தது. துப்பு அதில்தான் இருந்தது: உடல் பயன்படுத்த முடியாத புரதம் யூரியாவாகிச் சிறுநீரில் போகிறது, அதுதான் கொட்டிலில் அம்மோனியாவாக மாறுகிறது.

என் கலவை 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 55, எண்ணெய் நீக்கிய தவிடு 20, கடலைப் புண்ணாக்கு 22, மீதி தாது உப்பும் சாப்பாட்டு உப்பும். கணக்குப் போட்டால் புரதம் சுமார் 17 சதவீதம், லைசின் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று) 0.6 சதவீதம்கூட இல்லை. மக்காச்சோளம், கடலை இரண்டிலுமே லைசின் குறைவு. ஒரு அமினோ அமிலம் குறைந்தால் மற்றவை மிஞ்சி வீணாகும்.

பாதிக் கடலைப் புண்ணாக்கை எடுத்துவிட்டு 11 கிலோ சோயாப் புண்ணாக்கு போட்டேன், கூடவே 150 கிராம் லைசின் ஹைட்ரோகுளோரைடு (உப்பு வடிவில் வரும் லைசின்). பையில் 98.5 சதவீதம் என்றிருப்பது அந்த லைசின் உப்பின் தூய்மை. அதில் லைசின் 78 சதவீதம்தான். கணக்கில் தீவனத்தின் லைசின் 0.8 சதவீதத்தைத் தாண்டியது. சீமைப் பன்றிகளுக்கான தீவன அட்டவணை இன்னும் அதிகம் கேட்கும், மெதுவாக வளரும் நாட்டு இனத்துக்கு அவ்வளவு வேண்டாம்.

150 கிராமை நேரே கொட்டினால் ஒரே மூலையில் தங்கிவிடும். முதலில் 2 கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, பிறகு 10 கிலோவில், அப்புறம் மொத்தத்தில். வறுக்காத சோயாப் பயறு வேண்டாம், அது புரதச் செரிமானத்தைத் தடுக்கும்.

சில நாளில் நெடி தணிந்தது. எடை அதற்குப் பிறகுதான் ஏறியது.