கார் மேட்டுக்கு அடியில் ஈரமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மேட்டை எடுத்து உதறி, கார்பெட்டை ஒரு துணியால் துடைத்து, தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று மறுபடி போட்டுவிடுகிறோமே, என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. கார்பெட்டுக்குக் கீழே சத்தத்தைக் குறைக்க ஃபோமோ பஞ்சோ தடிமனாக ஒரு அடுக்கு இருக்கும், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே சொதசொதவென்று கிடக்கும். ஒரு டிஷ்யூ பேப்பரை வைத்து முழங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். பேப்பர் நனைந்தால், கதவோரத்து பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி கார்பெட்டைத் தூக்கித்தான் காயவைக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் வயர் தெரிந்தால் அதில் கைவைக்காதீர்கள், அநேகமாக ஏர்பேக் வயர்.

அடுத்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே காயவைப்பது. மழையே இல்லாமல் முன்பக்கம் கால் வைக்கும் இடம் மட்டும் நனைகிறதா? ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். புழுக்கமான நாளில் ஏசி ஓடினால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும், சொட்டவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். மழை பெய்தால் மட்டும் நனைகிறது என்றால் கதவு ரப்பர், சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால், அப்புறம் முன்கண்ணாடிக்குக் கீழே இலைதழை சேரும் இடம், இவற்றைப் பாருங்கள். ஈரம் பிசுபிசுவென்று இருந்து இனிப்பு வாசனை அடித்தால் அது தண்ணீரே இல்லை, ஹீட்டரில் கசியும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். அது விஷம், குழந்தைகளையும் செல்லப்பிராணிகளையும் ஏற்றாமல் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

செய்தித்தாள் விரிப்பது தப்பில்லை, ஆனால் நனைந்ததும் எடுத்துவிட வேண்டும். நாள்கணக்கில் கிடந்தால் அதுவே ஈரத்தைப் பிடித்து வைக்கும். வாசனை போகட்டும் என்று பெர்ஃப்யூம் மாட்டுவதில் பிரயோஜனமே இல்லை. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும், அது மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களைப் பாடாய்ப் படுத்தும். விட்டுவைத்தால் தரைத் தகடு துருப்பிடிக்கும், கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயர்களின் கனெக்டர்கள் பச்சை பூத்துவிடும், அதன்பின் டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கு ஏன் எரிகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கண்ணாடியை முழுக்க மூடிவிட்டு வெயிலில் நிறுத்துவதும் வேலைக்காகாது, ஆவியான தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் ராத்திரி உள்ளேயே படியும். கதவைத் திறந்து வைத்து ஃபேன் போடுங்கள். ஓட்டும்போது ஏசியை ஓடவிட்டு, உள்காற்றே சுற்றும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை எடுக்கும்படி வையுங்கள்.

ஈரமான மேட்டின் மேலேயே இன்னொரு மேட்டைப் போடும் பழக்கமும் சிலரிடம் உண்டு, டிரைவர் பக்கம் இதைச் செய்யவே செய்யாதீர்கள். மேல் மேட் வழுக்கி முன்னால் போய் ஆக்ஸிலரேட்டரை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு அடியிலும் மாட்டிக்கொள்ளும். மேட் காயும்வரை அந்தப் பக்கம் மேட்டே இல்லாமல் ஓட்டுங்கள்.