பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா? துருவில் ஏமாறும் இடங்கள்

சென்ற மாதம் ஒரு தம்பி, தான் வாங்கப்போகும் பழைய பிக்கப்பின் படங்களை அனுப்பியிருந்தார். மொத்தம் 22 படங்கள். பானெட், கிரில், ஸ்டீயரிங், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி, நான்கு பக்கமும் பெயின்ட். வண்டிக்கு அடியில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. “அடியில பார்த்தீங்களா தம்பி?” என்று கேட்டேன். “பார்த்தேன் அண்ணே, புதுசா கறுப்பு அடிச்சு சுத்தமா இருக்கு” என்றார். பதினோரு வருடங்களுக்கு முன் நானும் இதே வார்த்தையைத்தான் ஒரு நண்பரிடம் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மட்கார்டில் ஓட்டை, கதவின் அடிவிளிம்பில் பொத்தல் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். கண்ணுக்குத் தெரிகிற துருவை யாரும் தவறவிடுவதில்லை. அதைக் காட்டி விலையைக் குறைத்துக்கொள்வார்கள். மற்றபடி துருவைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அடியில் அடித்த புதுக் கறுப்பை நம்புவது

இந்த ஒரு தவறை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் வாங்கிய வண்டியின் சேஸிஸ், அதாவது முழு வண்டியையும் தாங்கும் அடிச்சட்டம், தார்ப்பூச்சில் பளபளத்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், எங்கும் ஒரே கறுப்பு. கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்துப் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டி, ஸ்பிரிங் பட்டையின் பிராக்கெட் பக்கத்தில் சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி வைத்தேன். ஜாக்கி ஏறியது, வண்டி ஏறவில்லை. காய்ந்த சருகை மிதித்தது போல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் ஜாக்கியின் தலை இரண்டு விரல் ஆழத்துக்குச் சேஸிஸுக்குள் புகுந்திருந்தது. தாரின் தோல் கிழிந்து தொங்க, உள்ளேயிருந்து துரு செதில் செதிலாகத் தரையில் கொட்டியது. ஒன்றை எடுத்து வளைத்தேன். நனைந்து காய்ந்த நோட்டுப் புத்தகம் போல அடுக்கடுக்காகப் பிரிந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய் வந்திருந்தேன்.

பிக்கப்பில் கேபின், தொட்டி, இன்ஜின், ஸ்பிரிங் எல்லாமே சேஸிஸை நம்பித்தான் நிற்கின்றன. தகரம் இற்றுப்போனால் வெட்டியெடுத்து வேறு வைக்கலாம். சேஸிஸ் இற்றுப்போனால் முழு வண்டியையும் பிரிக்க வேண்டும், அதற்கு ஆகும் செலவு பல நேரம் வண்டியின் விலையைத் தாண்டிவிடும். டொயோட்டா நிறுவனம், அமெரிக்காவில் விற்ற 1995 முதல் 2000 வரையிலான மாடல் டகோமா பிக்கப்களுக்கு, சேஸிஸ் துருவுக்கென்றே வாரன்டியை 2008-இல் 15 ஆண்டாக நீட்டியது. மோசமாக அரித்துப்போன வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. தயாரித்தவர்களே சரிசெய்யாமல் திரும்ப வாங்கிக்கொண்ட கோளாறு இது என்றால், வீட்டு ஷெட்டில் நம்மால் என்ன செய்ய முடியும்?

துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே தாரை அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே தோல் பத்திரமாக இருக்கும், உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். நல்ல வேலை செய்தவர் பிரேக் குழாய், கிரீஸ் ஏற்றும் நிப்பிள், ஒயர் இவற்றையெல்லாம் மறைத்துவிட்டுத்தான் அடிப்பார். இவற்றின் மேலும் கறுப்பு வழிந்திருந்தால், விற்பதற்காக அவசரமாகப் பூசி மெழுகியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒரு சின்னச் சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் போதும். சேஸிஸ் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்த இடம் ‘தொப்’ என்று செத்த சத்தம் தரும். அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், ஸ்பிரிங் பிராக்கெட்டுகள், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், கேபின் உட்காரும் மவுன்ட்கள், இந்த நான்கையும் கட்டாயம் பாருங்கள். சட்டத்தின் மேல்புறத்தை விரலால் துழாவுங்கள், சேறு தங்குவது அங்கேதான். பெட்டி வடிவச் சேஸிஸ் உள்ளிருந்துதான் அரிக்கும். அதன் பக்கத் துளைகளில் விரலை விட்டு உள்சுவரைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு தகடுகள் சேரும் இடம் உப்பி விலகியிருந்தால், நடுவில் துரு புகுந்துவிட்டது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். வெறும் ஜாக்கியை நம்பி மட்டும் அடியில் படுக்காதீர்கள், வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு வைத்த பிறகு போங்கள்.

அந்தத் தம்பி மறுநாள் ஸ்க்ரூடிரைவரோடு போனார். விற்பவர் குத்திப் பார்க்க விடவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

சின்னக் கொப்புளம்தானே என்று விடுவது

கேபினின் பின்மூலையிலும் கதவுக்குக் கீழே ஓடும் படித்தகட்டிலும் பெயின்ட் மிளகளவு பொரிந்திருக்கும். பெரும்பாலும் அது உள்ளேயிருந்து கிளம்பிய துரு. வெளியே மிளகளவு என்றால் பின்பக்கம் உள்ளங்கை அளவுகூட இருக்கும்.

காந்தம் ஒட்டியதும் திருப்தியடைவது

பள்ளம் நிரப்பும் பட்டியைத் தடிப்பாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது, அது வரைக்கும் சரி. ஆனால் பொத்தலின் மேல் மெல்லிய தகரத்தை வைத்துப் பற்றவைத்து, அதன் மேல் பட்டி தேய்த்திருந்தால் காந்தம் நன்றாகவே ஒட்டும். பின்பக்கத்தை எட்டிப் பாருங்கள். அங்கே வெல்டிங் தழும்பு இருக்கும்.

கேபின் தரையைப் பார்க்காமல் விடுவது

தரையில் விரித்திருக்கும் மேட்டைத் (mat) தூக்குங்கள். தரை அழுகினால், காரணம் பெரும்பாலும் மேலே இருக்கும். கண்ணாடிக்கு முன்னால் காற்று போகும் பள்ளத்தில் இலை அடைத்து, தண்ணீர் வடிய வழியில்லாமல் தகரத்தை அரித்திருக்கும். ஒரு செம்புத் தண்ணீரை அந்தப் பள்ளத்தில் ஊற்றுங்கள். வெளியே வடிந்தால் நல்லது. டிரைவர் கால் வைக்கும் இடம் நனைந்தால், அங்கிருந்து தொடங்குகிறது உங்கள் செலவு. நான் இப்போது இதைச் செய்யாமல் எந்த வண்டிக்கும் விலை பேசுவதில்லை.

தொட்டியின் புதுப் பலகையில் மயங்குவது

1947-இல் வந்த செவ்ரோலெட் அட்வான்ஸ் டிசைன் போன்ற வண்டிகளில் தொட்டியின் தரை மரப்பலகை. பலகையை மாற்றுவது எளிது. அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைக் கீழிருந்து பாருங்கள்.

மேல்துருவுக்குப் பயப்படுவது

தேய்த்தால் போகிற செந்துரு பரவாயில்லை. குழி விழுந்திருந்தால்தான் கவலை.

பிரேக் குழாய்

அரித்திருந்தால் பேச்சே இல்லை. ஓட்டிப் பார்க்காதீர்கள்.

நனைந்த வண்டியைப் பார்ப்பது

ஈரப் பளபளப்பில் கொப்புளமும் பட்டியின் மேடுபள்ளமும் தெரியாது. காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில் மறுபடி போங்கள்.