வால்ஹல்லாவுக்கு ஆற்றுப் பக்கமாகவே ஏறுங்கள்

ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் வரை போகிறவர்கள் ஜெர்மன் மொழி பேசிய புகழ்பெற்றவர்களுக்கான நினைவு மண்டபமான வால்ஹல்லாவுக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். நகரத்துக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில், டோனாஸ்டாஃப் ஊரை ஒட்டி, டான்யூப் ஆற்றைப் பார்த்தபடி குன்றின் மேல் நிற்கிறது. பவேரிய மன்னர் முதலாம் லுட்விக், ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலை மாதிரியாக வைத்து, லியோ ஃபொன் கிளென்ஸ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கட்டினார். 1830இல் தொடங்கிய வேலை 1842இல்தான் முடிந்தது.

கார் நிறுத்துமிடம் பின்பக்கம், மேலேயே இருக்கிறது. வசதிதான், ஆனால் கட்டடத்தின் முதுகில் போய் இறங்குவீர்கள். முழங்கால் ஒத்துழைத்தால் டோனாஸ்டாஃபுக்குப் பேருந்தில் வந்து கீழிருந்து ஏறுங்கள், கோடையென்றால் ரெகன்ஸ்பர்க்கிலிருந்து படகிலேயே வரலாம், ஆற்றிலிருந்து பார்க்கும்போதுதான் இதை ஏன் இந்தக் குன்றில் வைத்தார்கள் என்பது புரியும். படகு திரும்பும் நேரத்தை மட்டும் ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தம் 358 படிகள். நடுநடுவே மேடைகள் இருப்பதால் நின்று நின்று ஏறலாம். நிழலை நம்பாதீர்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். மழையிலும் பனியிலும் கல் வழுக்கும். மேடை விளிம்புகள் நல்ல உயரம், அதனால் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

வெளியே சுற்றிப் பார்க்கக் காசு இல்லை, உள்ளே போகத்தான் டிக்கெட். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் குறைவு என்பதால் முன்பே பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளே சுவர் முழுக்க மார்பளவுச் சிலைகள், நூற்றுக்கும் மேல். எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தால் அலுத்துவிடும், ஆள் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரை முதலில் சேர்க்கவே இல்லை, 1848இல்தான் இடம் கிடைத்தது. ஐன்ஸ்டீன் வந்தது 1990இல். நாஜிகளை எதிர்த்ததற்காக 21 வயதில் கொல்லப்பட்ட சோஃபி ஷோலுக்கு 2003இல் சிலை வைத்தார்கள். கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனவின் முகத்தில் ஒரு விரிசல் தெரியும், உடைந்துவிட்டதென்று நினைக்காதீர்கள், சிற்பி வேண்டுமென்றே வைத்தது! என்னைக் கேட்டால் மண்டபத்தின் பளபளப்பைவிட, யாரை எப்போது உள்ளே விட்டார்கள் என்ற இந்தக் கதைதான் சுவாரசியம்.

பார்த்து முடித்ததும் உடனே இறங்காமல், தூண்களுக்கு முன்னால் படியில் உட்காருங்கள். பலரும் அதற்காகவே வருகிறார்கள். அப்புறமும் தெம்பிருந்தால், டோனாஸ்டாஃபிலேயே இன்னொரு குன்றில் இடிந்த பழைய கோட்டை இருக்கிறது, நடந்தே போய்விடலாம்.