ராகியைத் தரம் பார்க்கக் கொடுக்கும் முன்

பென்னாகரம் பக்கம் ராகி அறுப்பு முடிந்ததும் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, சாம்பிள் எவ்வளவு கொண்டுபோகணும்?" விற்பனைக்கூடத்தில் தரம் பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்கிறார்கள். அரை கிலோ தாராளம். அதை எந்த மூட்டையிலிருந்து எடுப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பலர் மேலே இருக்கும் மூட்டையைப் பிரித்து, முறத்தில் நன்றாகப் புடைத்து, பளிச்சென்று இருப்பதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டைக் கூட்டி வைக்கிற கதைதான். அந்தப் பிடி தேறிவிடும். லோடு இறங்கும்போது வேறு மூட்டையில் குத்தூசி (மூட்டையைக் குத்தித் தானியம் எடுக்கிற கூர்முனைக் குழாய்) இறங்குமே, அப்போது?

அதனால் நீங்களே குத்தூசி போட்டு எடுங்கள். அடுக்கில் மேல், நடு, அடி என்று பல மூட்டைகளிலிருந்தும், ஒவ்வொரு மூட்டையிலும் ஒரே இடத்தில் குத்தாமலும் எடுக்க வேண்டும். சுவரோரம் சாய்ந்திருக்கும் மூட்டையை விட்டுவிடாதீர்கள், ஈரம் ஏறுவது அங்கேதான். எல்லாவற்றையும் தாம்பாளத்தில் கொட்டிக் கலந்து வட்டமாகப் பரப்பி, விரலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நாலு பங்காக்குங்கள். எதிரெதிர் பங்கு இரண்டை மூட்டைக்கே திருப்பிப் போட்டுவிட்டு, மீதியைக் கலந்து மறுபடி பிரியுங்கள். ஒரு கிலோ அளவுக்கு வந்ததும் நிறுத்தலாம், பாதி கொடுக்க, பாதி வீட்டில் வைக்க. தட்டில் தங்கும் தூசியையும் துடைத்துச் சேர்த்துவிடுங்கள், அதுவும் உங்கள் ராகிதான்.

இனி கணக்கு. அரசுக் கொள்முதலுக்கு ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தூசு, உமி, கல் எல்லாம் சேர்த்து 1 சதவீதம், வேறு தானியம் 1, சேதமான மணி 1, லேசாகச் சேதமானது 2.

இதில் ஆளைக் கவிழ்ப்பது கல். அந்த 1 சதவீதத்துக்குள் மண்ணும் கல்லும் கால் சதவீதம்தான் இருக்கலாம். நூறு கிராம் ராகியில் கால் கிராம், அதாவது ஏறக்குறைய நூறு ராகி மணியின் எடை. தார் ரோட்டில் கதிரைப் போட்டு வண்டி ஏற்றி அடித்தால் ராகி அளவுக் கல்லாகச் சேரும், சல்லடையில் ராகியோடு அதுவும் இறங்கிவிடும். களிக்குக் கல் அரிப்பது போல நூறு கிராமை அரித்துப் பாருங்கள். அடியில் தங்கும் கல்லைக் காயவைத்து, நகை நிறுக்கிற சின்னத் தராசில் வையுங்கள். ரோட்டில் அடித்ததா, களத்தில் அடித்ததா என்று அது சொல்லிவிடும்.

ஈரத்துக்கு உப்புச் சோதனை இருக்கிறது. காய்ந்த பாட்டிலில் ராகியும் நன்றாகக் காய்ந்த தூள் உப்பும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். பாட்டில் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15க்கு மேல், மூட்டையைப் பிரித்துத் திரும்பக் காயப் போடுங்கள். ஒட்டாவிட்டால் 12 வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அதற்கு ஈரப்பதமானிதான். வெயில் சூட்டோடு அள்ளிக்கொண்டு போனால் அதுவும் தப்பாகக் காட்டும், ஆறவிட்டுக் கட்டுங்கள்.

துணிப்பை வேண்டாம், ஈரம் ஏறும் இறங்கும். கெட்டியான பாலிதீன் கவரில் காற்றுப் புகாமல் கட்டி, பெயர், ஊர், மூட்டை எண்ணிக்கை, தேதி எழுதிய சீட்டை மேலே ஒட்டுங்கள். கொள்முதல் நிலையத்துக்கு என்றால் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல்களும் கூடவே இருக்கட்டும்.

2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் ஆதரவு விலை. வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து "ஈரமா இருக்குதுங்க" என்று விலையை இறக்கினால், ஈரப்பதமானியில் அளந்த சீட்டைக் காட்டிப் பேசுங்கள். பிரித்த ஒரு கிலோவில் பாதியை இதே மாதிரி கட்டி வீட்டில் வைத்திருங்கள். அளவில் சந்தேகம் வந்தால் அதைக் கொண்டுபோய், உங்கள் கண்முன்னே மறுபடி அளக்கச் சொல்லலாம்.