அகஸ்தியர் அருவிக்கு குட்டீஸோட போறீங்களா? கதையை ரயில்லயே ஆரம்பிச்சிருங்க

குழந்தைங்க, வயசானவங்க எல்லாரையும் கூட்டிட்டு ஒரு மலை அருவிக்குப் போகணும், ஆனா மறுநாள் யாரும் முட்டி வலின்னு படுக்கக் கூடாதுன்னா என் ஓட்டு திருநெல்வேலிப் பக்கம் இருக்குற பாபநாசம் அகஸ்தியர் அருவிக்குத்தான். குத்தாலத்துல சீசன் முடிஞ்சு பாறை காஞ்சு கெடக்குற மாசத்துலகூட இங்க தண்ணி விழும். தாமிரபரணியாச்சே, அது பொறக்குற பொதிகை மலைக்கு ரெண்டு பருவமழையும் கெடைக்குதுல்ல.

கார் இருந்தாலும் ஒரு தடவை திருநெல்வேலியில இருந்து செங்கோட்டை போற பாசஞ்சர்ல போய்ப் பாருங்க, அம்பாசமுத்திரத்துல எறங்கி அங்கருந்து பஸ் பிடிச்சா பாபநாசம். ரயில்ல போகச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, வழியில சேரன்மகாதேவி ஸ்டேஷன் வரும், அங்கதான் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்துனாரு. லண்டனுக்கு பாரிஸ்டர் படிக்கப் போயி, புரட்சிக்காரங்களோட சேர்ந்து, போலீஸ் தேடவும் பாண்டிச்சேரி வந்து பல வருஷம் இருந்த மனுஷன், தமிழ்ச் சிறுகதை எங்க தொடங்குச்சுன்னு பேச்சு வந்தா அவரு பேரு வராம இருக்காது. குருகுலத்துல பிராமணப் பையங்களுக்குத் தனியா சோறு போட்டது பெரிய சண்டையாச்சு, அதையும் மறைக்காம சொல்லுங்க, பெரிய பசங்க நல்லா கேள்வி கேப்பாங்க. மீதிக் கதையை அருவியில சொல்றேன்னு நிறுத்திருங்க.

கெளம்புறதுக்கு முன்னாடி அருவி தொறந்திருக்கான்னு விசாரிச்சிருங்க. இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், ஐப்பசி கார்த்திகையில வெள்ளம் வந்தா குளிக்க விட மாட்டாங்க. செக்போஸ்ட்ல பையை செக் பண்ணுவாங்க, பிளாஸ்டிக் கவர் எதுவும் கொண்டு போகாதீங்க, சோப்பு ஷாம்பு எண்ணெய் எதுவும் வேண்டாம். காலையிலயே போயிட்டா கூட்டம் கம்மி. சாப்பாட்டை கீழயே முடிச்சிருங்க, எங்க சின்னவன் முறுக்கு பாக்கெட்டோட நின்னான், குரங்கு வந்து ரொம்ப மரியாதையா வாங்கிட்டுப் போயிருச்சு, அவன் அழுத அழுகை அருவி சத்தத்தையே தாண்டிருச்சு.

அருவிக்குக் கிட்டத்துலயே வண்டி போயிரும், அதனால தாத்தா பாட்டி கம்பியைப் பிடிச்சுட்டு குளிச்சுட்டு உக்காந்துக்கலாம். நடக்குறவங்களுக்கு அதுக்கு மேல படி ஏறணும், கல்யாண தீர்த்தம் வரைக்கும், நின்னு நின்னு போனாலும் அரை மணி நேரத்துக்குள்ள போயிரலாம். அன்னைக்கு மேல விடுறாங்களான்னு அங்க நிக்கிற வனத்துறை ஆள்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க. ஈரத்துணியோட ஏறாதீங்க, படி வழுக்கும், முதல்ல ஏறிட்டு வந்து அப்புறம் குளிக்கிறதுதான் சரி. புடி உள்ள செருப்பு போதும், ஷூவெல்லாம் எதுக்கு.

மேல போனதும் அகஸ்தியர் கதை சொல்லலாம். சிவன் பார்வதி கல்யாணத்துக்கு எல்லாரும் கைலாசத்துக்குப் போனதுல வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்து போச்சாம், சமப்படுத்த அகஸ்தியரைத் தெற்க அனுப்புனாராம், கல்யாணம் பாக்க முடியலையேன்னு ஏங்குன முனிவருக்கு கல்யாணக் கோலத்துலயே இங்க காட்சி குடுத்தாராம், அதான் கல்யாண தீர்த்தம்னு பேரு. ஒரே ஒரு குட்டை முனிவர் போனதுக்கு எப்படி பூமி சமமாச்சுன்னு எங்க பொண்ணு கேட்டா, எனக்கு இன்னும் பதில் கெடைக்கல.

அங்க தண்ணி அமைதியா, பச்சையா நிக்கும், பாத்தா இறங்கலாம்னு ஆசையா இருக்கும். இறங்கவே கூடாது. இப்பதான் ரயில்ல நிறுத்துன கதையை முடிக்கணும். 1925 ஜூன் மாசம் ஐயர் மகளோட இந்த பாபநாசம் அருவிக்கு வந்தாரு, மக தண்ணியில விழுந்துட்டா, காப்பாத்தக் குதிச்சாரு, ரெண்டு பேருமே திரும்பல. நீச்சல் தெரிஞ்சவரு, அப்ப வயசு 44தான். இதைச் சொன்னதுக்கு அப்புறம் எங்க வீட்டுல யாரையும் 'கிட்ட போகாத'ன்னு கத்த வேண்டி வரல, பெரியவன் தானாவே தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டான்.

குளிச்ச துணியை ஆத்துல விட்டா பாவம் போகும்னு சிலர் போட்டுட்டு வருவாங்க, அதை மூட்டை மூட்டையா அள்ளுறதே ஒரு வேலையா இருக்கு, உங்க துணியை நீங்களே பிழிஞ்சு பையில வச்சுக்கோங்க. கீழ பாபநாசநாதர் கோயில், நவகைலாசம்னு சொல்ற ஒன்பது சிவன் கோயில்கள்ல முதல் கோயில், மதியம் நடை சாத்திருவாங்க, அதனால ஒண்ணு ஏறுறதுக்கு முன்னாடியே பாத்துருங்க, இல்ல சாயங்காலம் வரைக்கும் இருங்க. உலகம்மை சன்னதி முன்னாடி ஒரு உரல் இருக்கு, பொண்ணுங்க விரலி மஞ்சள் இடிப்பாங்க. கொஞ்சம் மஞ்சள் வாங்கிட்டுப் போங்க, குட்டீஸ் உலக்கையை விடவே மாட்டாங்க.